அரைக்கம்பத்தில் நின்ற சல்யூட் வண்டி

1

நேற்று மறுபடியும் ஒரு கார் ஏரியல் வாங்கினேன். எனக்கு இல்லை, கோவில்பதாகை ஏகாம்பரத்துக்கு. வண்டி அங்கே, ஏரியல் கடை இங்கே, இரண்டுக்கும் நடுவே நான் ஒருத்தன் டொரோண்டோவில் பனி வாரிக்கொண்டு கிடக்கிறேன்.

சாதாரண ஏரியல் என்று நினைத்துவிடாதீர்கள். ரேடியோவைப் போட்டால், பானட் ஓரத்தில் ஒரு ஓட்டையிலிருந்து பளபளவென்று ஒரு கம்பி தானாகவே எழுந்து நிற்கும். அணைத்தால் தானாகவே உள்ளே போய்விடும். அடியில் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. கம்பியின் வாலில் பல் வைத்த நைலான் நாடா. மோட்டார் அந்தப் பல்லைப் பிடித்து மேலே தள்ளும், கீழே இழுக்கும். இவ்வளவுதான் சங்கதி. இந்தக் கம்பிக்காகத்தான் என் தங்கை கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது என்றால் இங்கே ஒருத்தரும் நம்புவதில்லை.

என் மகள் நித்யாவும் நம்பவில்லை. கம்பியைத் தூக்கிப் பார்த்து, "அப்பா, இது யாருக்கு?" என்றாள்.

"ஏகாம்பரம் மாமாவுக்குடா. அவரு கார்ல இருக்கறது பாதியில மாட்டிக்கிச்சு."

"அவர் ஏன் புதிய மகிழுந்து வாங்கக் கூடாது?"

சனிக்கிழமை தமிழ் வகுப்பின் உபயம். மகிழுந்தாம்! ஆவடி பஸ் நிலையத்தில் நின்று மகிழுந்து எங்கே கிடைக்கும் என்று கேட்டால் நேரே மருந்துக் கடைக்கு வழி காட்டுவார்கள். என் மகளின் தமிழில் ஒரு பிழை கிடையாது. ஆனால் அந்தத் தமிழை வைத்துக்கொண்டு ஒருத்தரோடு சண்டை போட முடியாது, ஒருத்தரை நாலு வார்த்தை திட்ட முடியாது. அவளைச் சொல்லி என்ன? கோபம் வந்தால் நானும் என் மனைவியும் இங்கிலீஷுக்குத் தாவிவிடுகிறோம். இந்த வீட்டில் அவளை இதுவரை யாரும் தமிழில் திட்டியதே இல்லை.

இந்த மாதம் தங்கை செல்வியின் கல்யாண நாள் வருகிறது. ஐந்து வருஷம் ஓடிவிட்டது. அந்தக் கதையை ஒருதரம் சொல்லி முடிக்காமல் இந்தக் கம்பியைப் பெட்டியில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

2

எங்கள் அப்பா ஆவடியில் டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் பக்கத்து வீடு சேலம், எதிர் வீடு மதுரை, பின் வீடு நாகர்கோவில். குழாயடியில் நடக்கும் சண்டையை வைத்தே யார் எந்த ஜில்லா என்று சொல்லிவிடலாம். இந்த ஊரிலேயே பிறந்த ஒரே சிநேகிதன் எனக்கு ஏகாம்பரம்தான். அவனுடைய அப்பா காலம்வரை ஏரிக்கரைப் பக்கம் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பம். வயலெல்லாம் மனையாகிப் போனதும் ஏகாம்பரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் கொஞ்ச நாள் லேத் ஓட்டினான், கொஞ்ச நாள் லாரி ஓட்டினான். கடைசியில் ஏதோ ஒரு தூதரகத்தில் கழித்துக்கட்டிய பழைய ஜப்பான் கார் ஒன்றை ஏலத்தில் எடுத்துக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தான்.

அந்தக் காரில் இருந்தது இந்த ஏரியல். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்ததும் ஏகாம்பரம் ரேடியோவைப் போடுவான். கம்பி சர்ரென்று எழுந்து விறைப்பாக நிற்கும். யாரோ ஒரு புண்ணியவான், "பாரு, வண்டியே மாப்ளைக்கு சல்யூட் அடிக்குது!" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வரை அதற்கு சல்யூட் வண்டி என்றே பேர். சல்யூட் வண்டி கிடைக்கும் நாளாகப் பார்த்து முகூர்த்தம் குறித்த குடும்பங்கள் உண்டு.

செல்விக்கு முகப்பேரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா தங்கவேலு, பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹவுசிங் போர்டு வீட்டில் காலண்டரைக்கூட நூல் பிடித்து மாட்டுகிற மனுஷர். நிச்சயதார்த்தத்தில் அவர் எழுந்து நின்று சொன்னாராம்: "வரதட்சணை ஒரு பைசா வேணாம். சீர் உங்க இஷ்டம். நான் சர்வீஸ் பூரா அடுத்தவனுக்கு சல்யூட் அடிச்சே தேஞ்சவன். என் பையனுக்கு ஒரு வண்டியாவது சல்யூட் அடிக்கணும். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டி வரணும். அது போதும்."

அப்பா சந்தோஷமாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே அந்த வண்டிக்குச் சனி பிடித்தது. வேறொரு கல்யாணத்தில், பூக்காரர் அழகுக்காக ஏரியல் நுனியில் ஒரு முழம் மல்லிகையைக் கட்டிவிட்டார். ஏகாம்பரம் அதைக் கவனிக்காமல் ரேடியோவை அணைத்தான். மோட்டார் கம்பியோடு மல்லிகை, வாழைநார், நூல் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கி, கர்ர்ரென்று ஒரு சத்தம் போட்டு, பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் வராது, கீழேயும் போகாது.

ஹவில்தார் காதுக்குச் சேதி போய்விட்டது. நேரே கோவில்பதாகைக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "கொடி அரைக்கம்பத்துல நின்னா பட்டாளத்துல என்ன அர்த்தம் தெரியுமா? யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம். இதுல என் புள்ளய ஏத்தச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். அப்பாவுக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லையாம்.

ஆவடி பஜாரில் ஒரு டெலிபோன் பூத்திலிருந்து எனக்குப் பேசினார். கண்ணாடி அறைக்குள் நின்றுகொண்டு கனடாவுக்கே நேரடியாகக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஏ குமரேசா, கேக்குதா? நகை, பட்டு எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம். நீ ஒரு ஏரியல் மட்டும் கொண்டாந்துரு!"

"அப்பா, அண்ணன்னு நான் செய்யவேண்டியது..."

"அதான் சொல்லுதம்லா, ஏரியல்!" என்று வைத்துவிட்டார். கூடப் பிறந்த ஒரே தங்கையின் கல்யாணத்தில் எனக்கென்று ஒதுக்கிய வேலை அது ஒன்றுதான். மனசு கொஞ்சம் சுருங்கித்தான் போயிற்று.

3

இங்கே பழைய கார்களை உடைத்து உதிரி பாகம் விற்கிற இடத்தில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி இருந்தார். கடவுளே கொண்டுவந்து நிறுத்தினதுதான்.

"அண்ணை, மோட்டாரோட முழுசா வேணுமோ, கம்பி மட்டும் காணுமோ?"

"கம்பி மட்டும் போதும் தம்பி."

"அப்ப வடிவாக் கேளுங்கோ. இது ரெண்டாள் வேலை. ஒராள் காருக்குள்ள இருந்து ரேடியோவைப் போடோணும், மற்றாள் வெளியில கம்பியைப் பிடிக்கோணும். போட்டா பழசு வெளியில வரும். புதுசின்ர பல்லைச் சரியான பக்கம் பாத்து உள்ளுக்க விட்டுட்டு, நிப்பாட்டச் சொல்லுங்கோ. தானா இழுக்கும். உள்ள இருக்கிற ஆளுக்குக் கேக்கிற மாதிரி சொல்லோணும், அதுதான் முக்கியம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, நித்யாவுக்குப் பள்ளிக்கூடம். நான் மட்டும் கிளம்பினேன். மீனம்பாக்கத்தில் பெட்டியைத் திறந்ததும் சோதனை அதிகாரி சாக்லேட்டையும் சென்ட் பாட்டிலையும் தள்ளிவிட்டு நேரே ஏரியலை எடுத்தார். இழுத்தார். அது நீண்டது. இன்னும் இழுத்தார். இன்னும் நீண்டது. வாலில் நைலான் நாடா தனியே தொங்கியது.

"இது என்ன?"

"கார் ஏரியல் சார்."

"கார் எங்கே?"

"கார் என்னுது இல்ல சார். சிநேகிதனோடது. தங்கச்சி கல்யாணத்துக்கு."

"கல்யாணத்துக்கு ஏரியல் சீர் செய்யறீங்களா? எங்கே போகுது இது?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சத்தியசந்தன் மாதிரி, "ஆவடி, டாங்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக்கு வெளிநாட்டிலிருந்து ஒருத்தன் நீளமான ஏரியலோடு வந்து நிற்கிறான். இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் இன்னொருத்தரைக் கூப்பிட்டார். மூவரும் கம்பியை நீட்டி, மடக்கி, காதில் வைத்துக்கூடப் பார்த்தார்கள். நானோ ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு "சாரி", பின்னால் ஒரு "தேங்க்யூ" போட்டுக்கொண்டிருந்தேன். கனடாக்காரன் பழக்கம். தப்புச் செய்தவன்தான் இவ்வளவு மரியாதையாகப் பேசுவான் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

காப்பாற்றியவர் பெட்டி தூக்கும் ஆள் ஒருவர். எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது சல்யூட் வண்டி கம்பி சார்! பட்டாபிராம்ல என் மச்சினிச்சி கல்யாணத்துக்கு வந்துச்சே! மாட்டிக்கினு பேஜாராயிடுச்சுன்னு சொன்னாங்கோ, இவருதான் எட்தாறாரா?" என்றார். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முதல்லயே இதைச் சொல்றதுக்கென்ன?" என்று கம்பியை மடக்கிக் கொடுத்தார். நான் மறுபடியும் தேங்க்யூ சொன்னேன்.

4

வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

எங்கள் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயசில் அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ஏல மூதி, ஏல சவத்த மூதி, கோட்டிக்காரப் பயலே, இவைதான் என் பேர்கள். எழுப்புவதற்கு ஒரு மூதி, சாப்பிடக் கூப்பிட ஒரு மூதி. அது கோபமே இல்லை, எங்கள் ஊரில் பிள்ளையைக் கூப்பிடுகிற விதம்.

அன்று அம்மா, "வாப்பா தம்பி" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. தம்பியாம்! நாற்காலி போட்டாள். டேபிள் ஃபேனை என் பக்கமாகத் திருப்பினாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் புது எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தாள், விருந்தாளிகளுக்கென்று பீரோவில் பூட்டி வைத்திருக்கும் டம்ளர். சின்ன வயசில் அதைத் தொட்டதற்காக இவளிடமே அடி வாங்கியிருக்கிறேன்.

அடுத்த இரண்டு நாளும் இதே கூத்து. பந்தல்காரரிடம் பேச எழுந்தால், "நீ உக்காருப்பா, வெயில் ஒத்துக்கிடாது" என்பாள். காய்கறி மூட்டை இறக்கப் போனால் சித்தப்பா மகன் சுந்தரம் ஓடிவந்து, "அண்ணே, உங்களுக்கு எதுக்குச் சிரமம், நான் பாத்துக்கிடுதேன்" என்று பிடுங்கிக்கொள்வான். அவனுக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது. சமையல்காரர் யார், மண்டபத்துச் சாவி யாரிடம், அப்பாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரை எந்த டப்பாவில் என்பது உள்பட. சிரித்த முகம், நல்ல பிள்ளை. அவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதில் உச்சம் ஒன்று உண்டு. எங்கள் பக்கம் மாப்பிள்ளை அழைப்பில் மண்டப வாசலில் பெண்ணின் கூடப் பிறந்தவன்தான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்து வர வேண்டும். சுந்தரம் அதற்கும் என்னிடம் வந்து, "அண்ணே, உங்களுக்கு வேட்டி கட்டி ரொம்ப நாளாச்சுல்ல, தடுக்கிரும். நான் வேணா மாலை போட்டுரட்டுமா?" என்றான்.

"நான்தாம்ல போடுவேன்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். அவனிடமும் முடிவில் ஒரு தேங்க்யூ சொல்லித் தொலைத்தேன்.

செல்வி மட்டும் தனியாக இருக்கும்போது கேட்டாள்: "மாலை நீதானே போடுவ, அண்ணே? நீ வரமாட்டேன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. நான் அப்பவே சொன்னேன், எங்க அண்ணன் வருவான்னு." அந்த ஒரு வார்த்தைக்காக நான் எந்த ஏரியலையும் எங்கிருந்தும் கொண்டுவருவேன்.

5

அழைப்புக்கு முந்தின நாள் காலையில் ஏகாம்பரம் வண்டியை எங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டான். கம்பி அரைக்கம்பத்தில் நின்றது.

"வா மச்சான்! இன்னா, ஆள் பவுடர் போட்டாப்ல ஆயிட்ட! கம்பி எட்தாந்தியா?"

வேலை ஆரம்பமாயிற்று. நான் வெளியே, அவன் உள்ளே. வேடிக்கை பார்க்கக் குவார்ட்டர்ஸே கூடிவிட்டது. ஸ்பேனரால் மேலே உள்ள நட்டைக் கழற்றினேன். இடுக்கியால் கிளறினால் காய்ந்த மல்லிகையும் நாரும் பழுப்பாக, கொத்துக் கொத்தாக வந்தது. பாதி மாலை உள்ளேதான் இருந்தது.

"ஏகாம்பரம், இப்ப ரேடியோவை ஆன் பண்ணு, ப்ளீஸ்" என்றேன்.

அவனுக்குக் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற சேலத்துக்காரர் "போடு!" என்றார். போட்டான். மோட்டார் பழைய கம்பியை நாடாவோடு வெளியே தள்ளியது. ஒரே கைதட்டல். புதுக் கம்பியின் நாடாவை நான் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும்போதே மதுரைக்காரர் "நிறுத்து!" என்றார், நாகர்கோவில்காரர் "இல்ல, போடு!" என்றார். ஏகாம்பரம் யார் சொன்னாலும் கேட்டான், என்னைத் தவிர. மோட்டார் என் கையிலிருந்து நாடாவை இழுத்தது, துப்பியது, மறுபடி இழுத்தது, மறுபடி துப்பியது. நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுகிற மாதிரி இருந்தது. நான் "ஒன் மினிட், ஒன் மினிட், சாரி" என்று முனகிக்கொண்டிருந்தேன்.

ஏகாம்பரம் இறங்கி வந்தான். "மச்சான், நீ இன்னா, கோயில்ல அர்ச்சன பண்றியா? உள்ள குந்திகினு கீறவனுக்கு ஒண்ணியும் கேக்கல. ப்ளீஸாம், சாரியாம்! நீ பள்ளிக்கூடத்து கிரவுண்டுல கத்துனா ரயில்வே கேட் வரிக்கும் கேக்கும்டா. கத்து மாமே!"

கத்த வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. டொரோண்டோவில் கொஞ்சம் சத்தமாகத் தும்மினாலே பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும். இத்தனை வருஷமாகத் தொண்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்ட மாதிரி ஆகியிருந்தேன். அந்தச் சமயம் பார்த்து சுந்தரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, நீங்க உக்காருங்க, நான் மாட்டிருதேன்" என்று கையை நீட்டினான்.

"தள்ளுல அங்கிட்டு!" என்று ஒரு சத்தம் போட்டேன் பாருங்கள். சுந்தரம் இரண்டடி பின்னால் போனான். மரத்துக் காக்காய்கள் பறந்தன. "ஒருத்தன் வாயத் திறக்கக் கூடாது! ஏகாம்பரம், போடுறா!" மோட்டார் ஓடியது. பல்லைச் சரியான பக்கம் திருப்பி நாடாவை விட்டேன். "நிறுத்துறா டேய்!" மோட்டார் நாடாவைப் பிடித்து, கம்பியைச் சரசரவென்று உள்ளே இழுத்துக்கொண்டது. நட்டை முடுக்கினேன். "மறுபடி போடு!" சர்ரென்று எழுந்து விறைப்பாக நின்றது. நாலு ஜில்லாவும் சேர்ந்து விசிலடித்தது.

அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். "தொண்டை கட்டிரும்ப்பா, வெந்நி குடி" என்றாள்.

6

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. அந்த ரேடியோவின் குமிழ் தேய்ந்துபோனது. அமுக்கிப் பிடித்துக்கொண்டால்தான் பாடும், கையை எடுத்தால் அணைந்துவிடும். அணைந்தால் ஏரியல் இறங்கிவிடும். சும்மா ஒரு சல்யூட்டுக்கு இது போதும். ஆனால் மறுநாள் சாயங்காலம் பிள்ளையார் கோவில் வாசலில் மாப்பிள்ளை ஏறி, வண்டி சல்யூட் அடித்து, எல்லாரும் கைதட்டி முடிந்ததும், ஹவில்தார் பூக்காரரைக் கூப்பிட்டு, "கம்பி மொட்டையா இருக்கு, நுனியில ரெண்டு முழம் கட்டுங்க" என்று சொல்லிவிட்டார்.

நானும் ஏகாம்பரமும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். சம்பந்தியிடம் கட்டாதே என்று யார் சொல்வது? கட்டியாயிற்று.

"மாமே, ஊர்கோலத்துல எனக்கு ஒரு கை கியர்ல, ஒரு கை ஸ்டீரிங்ல. குமிழ யாரு அமுக்குவா? கைய உட்டா பூவ முயுங்கிடும். மறுபடி அரைக்கம்பந்தான்" என்றான் ஏகாம்பரம்.

முன் ஸீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமா உட்கார்ந்திருந்தார். ஒன்றரை ஸீட்டுக்கு ஆள். வேறு வழியில்லை. நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவருடைய காலடியில், தரையில் குந்தி, கையை நீட்டிக் குமிழைப் பிடித்துக்கொண்டேன். மண்டபம் வந்ததும் பூக்காரர் நூலை அறுத்துவிடுவார், நான் கையை விட்டுவிட்டு இறங்கி ஓடி மாலை போட்டுவிடலாம் என்பது திட்டம்.

திருமுல்லைவாயில் தெருக்களில் ஊர்வலம் ஆமை வேகத்தில் போயிற்று. வெளியே நாதஸ்வரம். உள்ளே என் மூக்குக்கு நேரே தாய்மாமாவின் முழங்கால். ரேடியோவில் வேர்க்கடலைப் பயிருக்கு வரும் பூச்சியைப் பற்றி ஒருவர் விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தார். "தம்பி, கல்யாணமும் அதுவுமா பூச்சி மருந்து எதுக்கு? அணைங்க" என்று தாய்மாமா கையைக் கொண்டுவந்தார். நான் இரண்டு கையாலும் குமிழை மூடிக்கொண்டேன். "நல்ல விஷயம் மாமா, கேளுங்க" என்றேன். பாவம், அவரும் கொஞ்ச நேரம் கேட்டார்.

மண்டபம் வந்தது. மாப்பிள்ளை இறங்கிவிட்டார், தாய்மாமாவும் இறங்கிவிட்டார். பூக்காரரைக் காணோம். மணவறைக்குப் பூக் கட்ட உள்ளே போய்விட்டாராம், அவரைத் தேடி ஏகாம்பரமும் உள்ளே ஓடினான். நான் குமிழும் கையுமாகத் தரையில் கிடக்கிறேன். வெளியே சத்தம் கேட்கிறது.

"பொண்ணு கூடப் பிறந்தவன் எங்க? மாலை போடணும்லா!"

"கனடாக்காரரா? டயர்டா இருப்பாரு, படுத்திருப்பாரு."

"பரவால்ல, நல்ல நேரம் போயிரும். சுந்தரம், நீ போடுப்பா."

சுந்தரம் மாலையைக் கையில் வாங்கிவிட்டான். கார்க் கதவின் இடுக்கு வழியாக எனக்கு அவன் கால் தெரிகிறது. கையை விட்டால் கம்பி பூவை விழுங்கிப் பாதியில் நிற்கும், ஹவில்தார் கண் முன்னால். அப்பாவின் வாக்குப் போகும். விடாவிட்டால் செல்வி என்மேல் வைத்த நம்பிக்கை போகும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்ணீர் வந்தது.

அப்போதுதான் காரின் மறுபக்கக் கதவு படீரென்று திறந்தது. அம்மா.

ஒரு விநாடி பார்த்தாள். மகன் பட்டு வேட்டியோடு காரின் தரையில், ரேடியோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான்.

"ஏல சவத்த மூதி! மாப்ள வாசல்ல காத்துக்கிட்டு நிக்காவ, நீ வண்டிக்குள்ள என்னல பண்ணுத? கோட்டிக்காரப் பயலே! தங்கச்சி மாப்ளைக்கு மாலை போட ஊரான் வருவானால? எந்திரில மூதி!"

மண்டபமே கேட்டிருக்கும். என் காதில் தேன் வந்து பாய்ந்தது. கையை விட்டேன். ஒரே ஓட்டம். சுந்தரம் கையிலிருந்த மாலையைப் பிடுங்கி மாப்பிள்ளை கழுத்தில் போட்டேன். பின்னால் சர்ரென்ற சத்தம் கேட்டது. தைரியமில்லாமலே திரும்பிப் பார்த்தேன். கம்பி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஹவில்தார் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், மீசை துடிக்கிறது.

"என்னய்யா இது, கம்பி இறங்குது?"

ஏகாம்பரம் அசரவில்லை. மண்டபத்திலிருந்து ஓடிவந்தவன் அவர் முன்னால் விறைப்பாக நின்றான். "சார், பொழுது சாஞ்சிடுச்சு சார். பொழுது சாஞ்சா பட்டாளத்துல கொடி எறக்க மாட்டாங்களா? அதான் எறக்கறோம் சார்!"

ஹவில்தார் மேற்கே பார்த்தார். சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. சடாரென்று காலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, மல்லிகைச் சரத்தோடு இறங்கிக்கொண்டிருந்த அந்தக் கம்பிக்கு ஒரு சல்யூட் அடித்தார். நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார். கர்ர்ரென்று மோட்டார் சிக்கிய சத்தம் கேட்பதற்குள் ஏகாம்பரம் தன் துண்டை எடுத்து மிச்சக் கம்பியின் மேல் போர்த்திவிட்டான்.

நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். போட்டோவில் என் வேட்டியில் கிரீஸ், தலையில் யாருடைய செருப்பு மண்ணோ. செல்வி அந்தப் படத்தைத்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அன்று ராத்திரிப் பந்தியில் எனக்கு யாரும் வெந்நீர் தரவில்லை. சாம்பார் வாளியைக் கையில் கொடுத்து, "நின்னு பாத்துக்கிட்டிருக்காம பரிமாறுல" என்றாள் அம்மா.

7

அன்றைக்குச் சிக்கிய கம்பி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. தபாலில் புதுசு அனுப்பட்டுமா என்று பலமுறை கேட்டேன். ஏகாம்பரம் ஒப்புக்கொள்ளவில்லை. "ரெண்டு ஆளு வேல மச்சான். கம்பி மட்டும் வந்து இன்னா பண்ணும்? நீயும் வா." லீவு, வீட்டுக் கடன், நித்யாவின் நீச்சல் வகுப்பு என்று நானும் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். இப்போது வைகாசியில் அவனுக்கே கல்யாணம். தங்கைகளையெல்லாம் கரையேற்றிவிட்டு இந்த வயசில் மாப்பிள்ளை ஆகிறான். ஊர் மாப்பிள்ளைக்கெல்லாம் சல்யூட் அடித்த வண்டி அவனுக்கு அடிக்க வேண்டாமா? இந்த முறை மூன்று பேரும் போகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று.

நேற்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். அப்பா ஓய்வு பெற்றபின் திருமுல்லைவாயிலில் கட்டிய வீட்டில் இப்போது போன் இருக்கிறது. அம்மா எடுத்தாள். "தம்பி, சாப்பிட்டியாப்பா? அங்க குளிரு எப்படி இருக்கு? ஒடம்பப் பாத்துக்கப்பா" என்றாள்.

மறுபடியும் தம்பி, மறுபடியும் வெந்நீர். எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, ஏகாம்பரத்துக்கு ஏரியல் வாங்க மறந்துட்டேன். கடையும் மூடிட்டான்" என்றேன்.

வந்தது பாருங்கள்.

"ஏல சவத்த மூதி! ஒன்ன நம்பி அந்தப் பய பத்திரிகை அடிச்சிட்டாம்ல! ஒரு காரியம் சொன்னா உருப்படியாச் செய்யத் தெரியுதா ஒனக்கு? அங்க போயி என்னத்தப் படிச்சுக் கிழிச்ச?"

நித்யா எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி அவள் பக்கமாகப் பிடித்தேன். அவள் பென்சிலை வைத்துவிட்டு வாயைப் பிளந்து கேட்டாள்.

"பாட்டி யாரைத் திட்டுகிறார்கள்?"

"என்னைத்தான்."

"என்னையும் இப்படித் திட்டுவார்களா?"

"வைகாசியில போறோம்ல, கண்டிப்பா திட்டுவாங்க" என்றேன்.

ஏரியல் என் மடியில்தான் இருந்தது. அம்மா இன்னும் நிறுத்தவில்லை. வாங்கிவிட்டேன் என்று சொல்லிவிடலாம்தான். இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.